நூறு டிகிரிக்கு ஜீரோ மார்க்

தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும்?

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்த கையோடு, லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்ற பியூலா என்னிடம் கேட்ட கேள்வி இது. உள்ளே வா என்று சொல்லக்கூட அவகாசம் தரவில்லை.

நூறு என்றேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பேப்பருக்குப் பின்னால் இருந்து என் கணவர் முரளியும் நூறு என்றார். செல்சியஸில், என்று சேர்த்துக்கொண்டார். என்ன இருந்தாலும் கெமிக்கல் இன்ஜினீயர் அல்லவா...

"அதையேதான்கா நானும் எழுதினேன். கைக்கு ஜீரோ குடுத்தாங்க?"

'கைக்கு' என்றால் 'ஏன்'. பியூலாவின் குடும்பம் மூன்று தலைமுறையாக செகந்திராபாத்தில் இருக்கிறது. அப்பா லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். வீட்டில் தமிழ்தான் பேசுவார்கள். ஆனால் அதற்குள் ஹைதராபாத் இந்தி எங்கே நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது என்பது அவர்களுக்கே தெரியாது. ஆமாம் என்பதற்கு 'ஹவ்'. வேண்டாம் என்பதற்கு 'நக்கோ'. கோயம்புத்தூரிலிருந்து இங்கே குடிவந்த புதிதில், கீழ் ஃபிளாட்டில் இருந்த பியூலாதான் எனக்கு டிக்‌ஷனரி.

ஜீரோ கொடுத்தது யார்? கனடாவில் இருக்கும் ஒரு காலேஜ். அவள் இங்கே இருந்துகொண்டே அதில் ஆன்லைனில் கெமிஸ்ட்ரி படிக்கிறாள்.

'ஆன்லைனில் காலேஜ் சயின்ஸ் கோர்ஸ் என்கிறார்களே, சேர்ந்தால் எப்படி இருக்கும், சுலபமா?' என்று கேட்டு இந்தப் பத்திக்கு அடிக்கடி மெயில் வருகிறது. எனக்கு என்ன தெரியும்? நான் ஐ.டி. கம்பெனியில் மேனுவல் எழுதுகிறவள். இதுவரை பதில் போடாமல் நழுவிக்கொண்டிருந்தேன். இந்த முறை பியூலாவைக் காட்டிவிடுகிறேன். அவளிடம் அனுமதி வாங்கியாயிற்று. 'முரளி அண்ணாவைப் பத்தியும் எழுதணும்' என்பது மட்டும்தான் நிபந்தனை.

பியூலா படித்தது பி.காம். வேலை மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன். அதாவது, அமெரிக்க டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். அதை ஹெட்போனில் கேட்டுக் கேட்டு டைப் அடிக்க வேண்டும். ஹைதராபாத்தில் தெருவுக்குத் தெரு அந்த கம்பெனிகள் முளைத்த காலத்தில் சேர்ந்தவள். எந்த வியாதியைச் சொன்னாலும் ஸ்பெல்லிங் சொல்லிவிடுவாள். ஒரு நாள், லிவர் எந்தப் பக்கம்கா இருக்கும் என்று என்னைக் கேட்டாள்.

இப்போது அந்த வேலையைக் கம்ப்யூட்டரே காதில் வாங்கி டைப் அடிக்க ஆரம்பித்துவிட்டது. பியூலாவின் வரிசையில் நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டிருக்கின்றன. அவளுடைய அக்கா கனடாவில் நர்ஸ். அங்கே ஒரு காலேஜில் லேப் டெக்னீஷியன் படிப்பு இருக்கிறது, படித்தால் வேலை நிச்சயம் என்று வழி காட்டினாள். காலேஜும் சரி என்றது, ஒரு நிபந்தனையோடு. காமர்ஸ் படித்தவர்கள் முதலில் எங்கள் ஆன்லைன் கெமிஸ்ட்ரி கோர்ஸை முடிக்க வேண்டும். பி கிரேடாவது வாங்க வேண்டும். இல்லையென்றால் சீட் இல்லை.

ஆக, அடுத்துக் காலியாகப் போவது தன் நாற்காலியோ என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கும், கனடாவுக்குப் பெட்டி கட்டுவதற்கும் நடுவில் ஒரே ஒரு 'பி'.

சேர்ந்தபோது பியூலா குஷியாகத்தான் இருந்தாள். வீட்டிலேயே உட்கார்ந்து, நைட்டியில், டீ குடித்துக்கொண்டே காலேஜ்! அமீர்பேட் கோச்சிங் சென்டருக்குப் போய், சினிமா தியேட்டர் போல நிரம்பி வழியும் ஹாலில் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் நின்றுகொண்டு ஜாவா கற்றுக்கொண்ட அவளுடைய கசின்களுக்கெல்லாம் பொறாமை.

முதல் வாரத்திலேயே குஷி வடிந்துவிட்டது. ஏன் தெரியுமா? அந்த கோர்ஸில் யாரும் எதையும் சொல்லவே இல்லை. அமீர்பேட்டில் சார் மைக்கைப் பிடித்து, இது இம்பார்ட்டன்ட், அண்டர்லைன் பண்ணிக்கோ என்பார். கூடவே ஜெராக்ஸ் மெட்டீரியல் வரும். இங்கே திங்கட்கிழமை ஸ்கிரீனைத் திறந்தால், படிக்க வேண்டிய அத்தியாயங்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். எது இம்பார்ட்டன்ட்? எல்லாம்தான். ஏன் படிக்கவில்லை என்று கேட்கவும் ஆள் கிடையாது. கெடு முடிந்தால் க்விஸ் தானாகவே மூடிக்கொள்ளும் — அதுவும் கனடா நேரப்படி. கரண்ட் போச்சு மேடம், பிராட்பேண்ட் வரலை மேடம் என்பதெல்லாம் அதன் காதில் விழாது.

அப்புறம் டிஸ்கஷன் போர்டு என்று ஒன்று. வாரா வாரம் ஒரு கேள்வி கேட்பார்கள். நம் கருத்தை எழுதிவிட்டு, கூடப் படிக்கிறவர்கள் எழுதியதற்கும் பதில் போட வேண்டும். பியூலா எல்லோருக்கும் 'வெரி நைஸ், ஐ அக்ரீ' என்று எழுதினாள். மார்க் வரவில்லை. மறுவாரம் 'காட் பிளெஸ் யூ' சேர்த்துப் பார்த்தாள். அப்போதும் வரவில்லை. எதை ஒப்புக்கொள்கிறீர்கள், ஏன் என்று ஆசிரியை திருப்பிக் கேட்டிருந்தார். நாம் எந்தக் காலேஜில் டீச்சரிடம் அதற்கெல்லாம் காரணம் சொன்னோம்?

போகட்டும். தட்டுத் தடுமாறிப் பழகிவிட்டாள். மார்க் ஏற ஆரம்பித்தது. கெமிஸ்ட்ரி பிடிக்கக்கூட ஆரம்பித்துவிட்டது. சாம்பாருக்கு ஊற வைத்த புளியில் லிட்மஸ் பேப்பரை விட்டுப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் காட்டினாள். அப்படி இருக்கும்போதுதான் இந்த ஜீரோ.

பரிசோதனை ரொம்ப சாதாரணம். ஆன்லைன் என்பதால் லேப் கிடையாது. உங்கள் அடுப்படிதான் லேப். உங்கள் வீட்டில் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். கொதிக்கும்போது தெர்மாமீட்டரில் என்ன காட்டுகிறது என்று எழுதுங்கள். எப்படிச் செய்தீர்கள் என்று விளக்குங்கள். அவ்வளவுதான். ஆனால் இதற்கு மார்க் அதிகம். இந்த ஜீரோவோடு பி வேண்டும் என்றால், கடைசிப் பரீட்சையில் பியூலா ஒரு தப்புகூடச் செய்யக்கூடாது.

ஜீரோவுக்குப் பக்கத்தில் ஆசிரியை ஒரே ஒரு வரி எழுதியிருந்தார். 'நீங்கள் கடற்கரையில் வசிக்கிறீர்களா?'

பியூலா அதை அன்பான விசாரிப்பு என்று எடுத்துக்கொண்டாள். பதிலும் போட்டுவிட்டாள். இல்லை மேடம், ஹைதராபாத், ஆனால் பக்கத்தில் பெரிய ஏரி இருக்கிறது என்று.

நாங்கள் மூன்று பேரும் டைனிங் டேபிளில் உட்கார்ந்து அந்த வரியையே முறைத்துக்கொண்டிருந்தோம். ஹுசேன் சாகர் ஏரிக்கும் கெமிஸ்ட்ரிக்கும் என்ன சம்பந்தம்? நாத்தம்தான் சம்பந்தம் என்று சொல்லிவிட்டு முரளி தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்தினார். பேப்பரை மடித்து வைத்தார்.

"ஏம்மா, தெர்மாமீட்டர் நிஜமா நூறா காட்டுச்சு?"



விஷயம் பியூலாவிடமிருந்து மெதுவாகத்தான் வெளியே வந்தது. தெர்மாமீட்டர் நூறு காட்டவில்லை. தொண்ணூற்றெட்டை ஒட்டி வந்து நின்றுவிட்டது. கேஸைக் கூட்டிப் பார்த்திருக்கிறாள். மூடி போட்டுப் பார்த்திருக்கிறாள். தளதளவென்று கொதிக்கிறதே தவிர, பாதரசம் மேலே ஏறவில்லை. மட்டமான தெர்மாமீட்டரைத் தலையில் கட்டிவிட்டான் என்று முடிவு செய்து, கோட்டி பஜாரில் வாங்கிய கடைக்கே திரும்பப் போய் சண்டை போட்டு, வேறொன்று மாற்றி வந்திருக்கிறாள். அதுவும் தொண்ணூற்றெட்டுதான் காட்டியது. மறுபடி போனால் கடைக்காரன் அடிப்பான். அதனால் 'சரியான' விடையை எழுதிவிட்டாள். 100.0 என்று, புள்ளி வைத்து. புள்ளி வைத்தால் நம்புவார்களாம்!

நான் சிரிக்கவில்லை. நீங்களும் சிரிக்க வேண்டாம். சயின்ஸ் படித்தவர்கள் நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள், ரெக்கார்டு நோட்டில் நாம் என்ன செய்தோம்? முதலில் விடையைத் தெரிந்துகொள்வோம். அப்புறம் கணக்கைப் பின்னாலிருந்து போட்டு, அந்த விடை வருகிற மாதிரி ரீடிங் எழுதுவோம். பெண்டுலம் ஆடினாலும் ஆடாவிட்டாலும் எங்கள் காலேஜில் புவியீர்ப்பு ஒரு நாளும் தவறியதில்லை. எல்லா நோட்டிலும் 9.8. பிராக்டிகல் பரீட்சையில் கொடுத்திருப்பது என்ன உப்பு என்று லேப் அட்டெண்டர் கண்ணைக் காட்டிவிடுவார். அதன் பிறகு, அந்த உப்பைக் கண்டுபிடிக்க நாம் எப்படியெல்லாம் பாடுபட்டோம் என்று நாலு பக்கம் எழுதுவோம். டெஸ்ட் டியூப் ஈரமாகக்கூட ஆகியிருக்காது.

இதற்குப் பெயர் நம் ஊரில் பொய் இல்லை. பிராக்டிகல்.

முரளி இதற்குள் அடுப்படிக்குப் போய்விட்டார். பியூலாவின் தெர்மாமீட்டரைக் கொண்டுவரச் சொல்லி, எங்கள் வீட்டுப் பால் பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்தார். தொண்ணூற்றெட்டைத் தொடுகிற மாதிரி வந்து நின்றது. தலையில் ஒரு போடு போட்டுக்கொண்டார்.

கடல் மட்டத்தில்தான் தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்கும். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும்; குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். ஹைதராபாத் தக்காணப் பீடபூமியில், கடல் மட்டத்துக்கு ஐந்நூறு மீட்டருக்கும் மேலே உட்கார்ந்திருக்கிறது. இங்கே தண்ணீர் நூறு வரைக்கும் காத்திருக்காது. இதை முரளி எங்களுக்கு விளக்கியபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! காற்றை உறிஞ்சி எடுத்து, மருந்து கருகாமல் குறைந்த சூட்டிலேயே கொதிக்க வைப்பதுதான் பட்டான்செரு மருந்து ஃபேக்டரியில் அவர் சம்பளம் வாங்குகிற வேலை. தினமும் அதைச் செய்துவிட்டு கம்பெனி பஸ்ஸில் வீட்டுக்கு வருகிற மனிதர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் நூறு என்றார். ஃபேக்டரிக்கு ஒரு சயின்ஸ், பரீட்சைக்கு ஒரு சயின்ஸ்.

அந்தப் பரிசோதனைக்குக் காரணமும் இதுதான். பியூலாவின் வகுப்பில் பல ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள். மலையூர்க்காரர், துறைமுகத்துக்காரர் என்று எல்லோருடைய ரீடிங்கையும் ஒரே கிராஃபில் போட்டிருந்தார் ஆசிரியை. ஊர் உயர உயரக் கொதிநிலை இறங்கும். புள்ளிகள் எல்லாம் ஒழுங்காக ஒரு கோட்டில் சரிந்து வந்தன. ஒன்றே ஒன்று மட்டும் கோட்டை விட்டு மேலே தனியாக நின்றது. ஹைதராபாத்! பியூலாவின் கணக்குப்படி சார்மினாரில் அலை அடிக்க வேண்டும்.

சரி, புரிந்துவிட்டது. இனி என்ன செய்வது?

இங்கேதான் விஷயம் சிக்கலானது. கோர்ஸில் சேரும்போதே விதிகளைக் காட்டி டிக் அடிக்கச் சொல்லியிருந்தார்கள். பியூலாவும் படிக்காமல் அடித்திருந்தாள். நாமெல்லாம் படித்துவிட்டா அடிக்கிறோம்? இப்போது திறந்து படித்தோம். ரீடிங்கை இட்டுக்கட்டி எழுதினால் கோர்ஸிலிருந்தே நீக்கப்படலாம் என்று இருந்தது. சும்மா இருந்தால் ஒரு பரிசோதனைக்கு ஜீரோ. உண்மையைச் சொன்னால் கோர்ஸே போகலாம். கோர்ஸ் போனால் சீட் போச்சு.

முரளி உடனே வழி கண்டுபிடித்துவிட்டார். "டைப்பிங் மிஸ்டேக்குன்னு எழுதிரும்மா. 98 அடிக்கப்போயி 100 விழுந்துருச்சுன்னு."

நல்ல யோசனை என்றுதான் எனக்கும் பட்டது. ஆனால் பியூலாவின் முகம் சட்டென்று மாறிவிட்டது. ஜீரோவைக் காட்டியபோதுகூட அப்படி மாறவில்லை.

"நம்ம கையில டைப்பிங் மிஸ்டேக் வராதுண்ணா."

அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"எங்க வேலையில ஒரே ரூல்தான்கா. டாக்டர் என்ன சொன்னாரோ அதான் அடிக்கணும். சரியா கேக்கலைன்னா பிளாங்க் விடணும். இதான் சொல்லியிருப்பாருன்னு நாமளே ஃபில் பண்ணிட்டா, யாரோ ஒரு பேஷன்டுக்கு ராங் மருந்து போயிடும். இத்தனை வருஷத்துல நான் ஒரு தடவைகூட ஃபில் பண்ணதில்ல. இங்க தெர்மாமீட்டர் கிளியரா சொல்லுச்சு. நாந்தான் வேற அடிச்சேன்."

முரளி தெர்மாமீட்டரைத் துடைத்து அதன் டப்பாவில் வைத்தார்.

எங்கள் டேபிளிலேயே உட்கார்ந்து மெயில் எழுதினாள். 'ரெஸ்பெக்டட் மேடம்' என்று ஆரம்பித்து, கோட்டிக் கடைக்காரனோடு போட்ட சண்டை வரைக்கும் ஒன்று விடாமல் எழுதினாள். நான் மேனுவல் எழுதுகிறவள் அல்லவா, சில இடங்களைக் கொஞ்சம் மெருகேற்றட்டுமா என்று கேட்டேன். நக்கோக்கா என்றாள். அனுப்பியும்விட்டாள்.

எனக்கு பயமாகத்தான் இருந்தது. இவ்வளவு நேர்மை தேவையா என்றுகூடத் தோன்றியது. மற்றவர்களுக்கு உபதேசம் செய்கிற இந்தப் பத்தியில் இதைச் சொல்லக் கூடாதுதான். ஆனால் பதில் வரும் வரைக்கும், லிஃப்ட்டில் அவளைப் பார்த்தால் எதையாவது பேசிச் சமாளித்தேன். ஆபீஸில் அவள் வரிசையில் இன்னொரு நாற்காலி காலியானது என்று அவள் அம்மா சொன்னபோது, அந்த மெயிலைத் தடுத்திருக்கலாமே என்று நிஜமாகவே நினைத்தேன்.

பதில் வந்தது. ஆசிரியை நீளமாக எழுதவில்லை. நீங்களாகவே வந்து சொன்னதால் கோர்ஸிலிருந்து நீக்கவில்லை. இருந்தாலும் இட்டுக்கட்டிய ரீடிங்குக்கு மார்க் தர முடியாது. வேண்டுமானால் பரிசோதனையை மறுபடி செய்யுங்கள். அதிகபட்சம் பாதி மார்க் தருவேன். இவ்வளவுதான் முதல் பாதி. கீழே ஒரு கேள்வி இருந்தது: இரண்டு தெர்மாமீட்டர்கள் ஒரே விடையைச் சொன்னபோது, நீங்கள் ஏன் புத்தகத்தை நம்பினீர்கள்?

அந்தக் கேள்விக்கும் பதில் எழுத வேண்டுமாம். எழுத உட்கார்ந்த பியூலாவுக்கு ரொம்ப நேரம் பதில் வரவில்லை. எனக்கும் வரவில்லை. உங்களுக்கு வருகிறதா?

ஆன்லைன் கோர்ஸ் எப்படி இருக்கும் என்று கேட்ட வாசகர்களே, நான் பார்த்த வரைக்கும் இப்படித்தான் இருக்கும். வீடியோ இருக்கும், க்விஸ் இருக்கும், கரண்ட் இருக்காது. இதெல்லாம் பழகிவிடும். விடை என்னவென்று கண்ணைக் காட்ட லேப் அட்டெண்டர் இருக்க மாட்டார் பாருங்கள், அது பழகத்தான் நாளாகும். உங்கள் அடுப்பு, உங்கள் பாத்திரம், உங்கள் கண். நீங்கள் என்ன பார்த்தீர்கள் என்று கேட்பார்கள். நமக்கோ, என்ன பார்த்திருக்க வேண்டும் என்று மட்டும்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

மறுபடி செய்த பரிசோதனை எங்கள் வீட்டு அடுப்படியில்தான் நடந்தது. முரளி லீவு நாள் என்றும் பாராமல் குளித்துவிட்டு வந்து நின்றார். காலையிலேயே ஹைதராபாத்தின் உயரத்தை வைத்துக் கணக்குப் போட்டு, விடை 98.2 என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, ஃபிரிட்ஜில் காந்தத்தால் ஒட்டியும் வைத்திருந்தார்.

தண்ணீர் கொதித்தது. பியூலா குனிந்து, கண்ணைப் பாதரசத்தின் மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்த்தாள். 97.5.

முரளி எட்டிப் பார்த்தார். துண்டுச் சீட்டைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். தெர்மாமீட்டரில் கொஞ்சம் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும் என்றார். அதுவும் உண்மைதான்.

"98.2ன்னே போட்டுரும்மா. அதானே கரெக்ட்டு?"

பியூலா நிமிரக்கூட இல்லை.

"நக்கோண்ணா."

97.5 என்றே எழுதி அனுப்பினாள். தெர்மாமீட்டரில் வித்தியாசம் இருக்கலாம் என்பதையும், அப்படிச் சொன்னது யார் என்பதையும் கீழே குறிப்பிட்டிருந்தாள்.

பாதி மார்க் முழுசாகக் கிடைத்தது. கடைசிப் பரீட்சையும் முடிந்து, போன வாரம் ரிசல்ட் வந்துவிட்டது. பி. மயிரிழையில்தான், ஆனாலும் பி. அவள் அம்மா சர்ச்சில் எல்லோர் முன்னாலும் எழுந்து கடவுளுக்கு நன்றி சொல்லி சாட்சி கொடுத்துவிட்டு, கேக் கொண்டுவந்து கொடுத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, கோடை வியர்வை கண்ணில் இறங்கிவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

பரிசோதனைக்குப் பக்கத்தில் இந்த முறையும் ஆசிரியை ஒரு வரி எழுதியிருந்தார்: 'ஏரிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறீர்கள், இப்போது நம்புகிறேன்.'

முரளியின் துண்டுச் சீட்டு மட்டும் இன்னும் ஃபிரிட்ஜில்தான் இருக்கிறது. தண்ணீர்தான் தப்பாகக் கொதித்தது என்கிறார்.